காடிலாக் ஒரு சிறிய கார் செய்ய வேண்டுமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் வசிக்கிறார். வீட்டில் இரண்டே பேர்; வண்டியைத் தெருவோரத்தில்தான் நிறுத்தியாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சொகுசுக் கார்ப் பிரிவான காடிலாக் என்ற பெயர்மேல் அவருக்கு நெடுநாள் ஆசை. ஆனால் விற்பனைக் கூடத்துக்குப் போனால் கண்ணில் படுவதெல்லாம் நீள நீளமான வண்டிகள். ஆடி ஏ3 அளவில், நான்கரை மீட்டருக்குள் அடங்கும் காரை ஜெர்மானியர்கள் செய்து விற்கும்போது காடிலாக் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது அளவைப் பற்றிய கேள்வி. அதற்குள் இருப்பது வேறொன்று: பெரிய கார்களாலேயே பெயர் வாங்கிய ஒரு நிறுவனம், சிறிய காரைச் செய்தும் அந்தப் பெயரையும் அதற்குரிய விலையையும் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்பது. செய்ய முடியுமா என்பதில் ஐயமே இல்லை; முன்பே பல முறை செய்திருக்கிறார்கள். செய்தவற்றில் எது நின்றது, எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

நான் டெட்ராய்ட்டை ஒட்டிய ஓர் ஊரில், கார் கதவுகளின் உட்பக்கப் பலகைகளைச் செய்து கொடுக்கும் உதிரிபாக நிறுவனமொன்றில் 19 ஆண்டுகள் செலவுக் கணக்குப் பார்க்கும் பொறியாளராக இருந்தவன். ஒரு பாகத்தைச் செய்ய என்ன ஆகும், எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே மிச்சம் பிடித்தால் வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார் என்பவையே என் அன்றாட வேலை. ஆகவே செலவைப் பற்றியும் கட்டுமானத்தைப் பற்றியும் இங்கே சொல்பவற்றை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவரின் மனத்தைப் பற்றிச் சொல்பவை பக்கத்தில் இருந்து பார்த்தவனின் கணிப்பு மட்டுமே; விற்பனைத் துறையில் நான் இருந்ததில்லை.

முதலில் 'சிறிய' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தியாவில் வரிக் கணக்குக்காக நான்கு மீட்டருக்கு உட்பட்டதைச் சிறிய கார் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நீளத்தைப் பார்ப்பதில்லை. ஆட்கள் அமரும் இடத்தையும் டிக்கியையும் கூட்டி, அது 100 கன அடியிலிருந்து 110 கன அடிக்குள் இருந்தால் அந்த செடானைக் 'காம்பாக்ட்' என்கிறது. இந்த அளவுகோலின்படி 4.64 மீட்டர் நீளமுள்ள காடிலாக் ஏடிஎஸ் ஒரு சிறிய கார். 1959ஆம் ஆண்டின், வால் துடுப்பு வைத்த காடிலாக் 5.7 மீட்டர் நீளம் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த ஊர்க்காரர்களுக்கு 4.64 ஏன் சிறியதாகத் தெரிகிறது என்பது விளங்கும்.

அடுத்தது செலவு. சிறிய காரில் இரும்பு குறைவு, ஆகவே செய்யும் செலவும் அதே விகிதத்தில் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் குறைவதில்லை. எனக்குத் தெரிந்த பாகத்தையே எடுத்துக்கொள்கிறேன். பெரிய காரின் கதவுப் பலகையையும் சிறிய காரின் கதவுப் பலகையையும் மேசைமேல் அருகருகே வைத்தால், நீளத்தில் ஒரு சாண் வித்தியாசம் இருக்கும். எடையில் சில நூறு கிராம். அந்தப் பிளாஸ்டிக்கின் விலை ஒரு டாலருக்குள் முடிந்துவிடும். ஆனால் இரண்டுக்கும் வார்ப்பு அச்சு ஏறத்தாழ ஒரே செலவு. கண்ணாடி ஏற்றும் பொத்தான், ஒலிபெருக்கி, கைப்பிடி, கம்பிக்கட்டு, பூட்டு, மோதலை உணரும் கருவி ஆகிய யாவும் இரண்டிலும் உண்டு; அவற்றைப் பொருத்தும் தொழிலாளிக்கு ஆகும் நேரமும் அதேதான். காற்றுப் பைகள், மோதல் சோதனைகள், மின்னணுப் பெட்டிகள் என்று கார் முழுவதுக்கும் இதே கதை. ஆக, அளவு குறையும்போது செலவு படி இறங்குகிறது; வாங்குபவர் எதிர்பார்க்கும் விலையோ மாடியிலிருந்து குதிக்கிறது. இடையில் இருக்கும் அந்தப் பள்ளத்தை நிரப்ப நிறுவனத்துக்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, சிறிய காருக்கும் பெரிய விலையை நியாயப்படுத்துவது. இன்னொன்று, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மலிவான காரை எடுத்து மேலே தோலைப் போர்த்துவது. காடிலாக் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது, அதுவும் ஆறு ஆண்டு இடைவெளிக்குள்.

முதல் வழிக்கு உதாரணம் 1975ஆம் ஆண்டு மே மாதம் வந்த செவில். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, மெர்சிடிஸ் வாங்கத் தொடங்கிவிட்ட பணக்காரர்களைத் திரும்ப இழுப்பதற்காகச் செய்தார்கள். நீளம் 5.18 மீட்டர். இன்று அதை யாரும் சிறியது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் காடிலாக்கின் அன்றைய பெரிய காரான டிவில் செடான் 5.86 மீட்டர் என்பதால், அதனருகே இது ஏறத்தாழ ஒன்றரை முழம் குட்டை. இதில் துணிச்சல் எங்கே என்றால் விலையில். டிவில் 9,000 டாலர் சொச்சம். அதைவிடச் சிறியதான செவில் ஏறத்தாழ 12,500 டாலர். சிறியது, ஆகவே விலை கூடுதல் என்று தலைகீழாகச் சொன்னார்கள், மக்கள் ஒப்புக்கொண்டார்கள். முதல் முழு ஆண்டிலேயே 40,000க்கு மேல் போயிற்று. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: செவிலின் எலும்புக்கூடு செவர்லே நோவா என்ற சாதாரணக் காரிலிருந்து எடுக்கப்பட்டதுதான். எஞ்சின்கூட ஓல்ட்ஸ்மொபீல் பிரிவின் வி8. அதில் மின்னணு எரிபொருள் செலுத்தலைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் சக்கர இடைவெளியை நீட்டி, மேல் தகடுகள் அனைத்தையும் புதிதாக வடித்து, ஓசை உள்ளே வராமல் அடைத்து, பக்கத்தில் நோவாவை நிறுத்தினாலும் உறவு தெரியாத அளவுக்குச் செய்திருந்தார்கள்.

இரண்டாவது வழிக்கு உதாரணம் சிமரான். இதன் கதை அமெரிக்காவில் பழமொழி போல ஆகிவிட்டது; என்றாலும் அது சரியாகச் சொல்லப்படுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1979இல் மீண்டும் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் எல்லாப் பிரிவுகளுக்குமாக ஒரு முன்சக்கர இயக்கச் சிறிய காரை உருவாக்கிக்கொண்டிருந்தது. செவர்லேயில் அதற்குப் பெயர் கவலியர். போன்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு பெயர். காடிலாக் டீலர்கள் எங்களுக்கும் சிறிய கார் வேண்டும் என்று நெருக்கினார்கள். மற்றப் பிரிவுகள் வேலையை வெகுதூரம் முடித்துவிட்ட பிறகுதான் காடிலாக் பந்தியில் உட்கார்ந்தது. புதிய தகடு வடிக்கவோ வேறு எஞ்சின் வைக்கவோ அவகாசம் இல்லை. 1981 மே மாதம், 1982 மாடலாக வந்த சிமரானில் 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், 88 குதிரைத்திறன், கையால் மாற்றும் நான்கு வேகக் கியர். காடிலாக்கில் நான்கு சிலிண்டர் எஞ்சின் வந்தது 1914க்குப் பிறகு அதுவே முதல் முறை. விலை 12,000 டாலர். கவலியர் 7,000 டாலர் அளவில் அதே தெருவில் விற்றுக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் அவர்களே அதைக் காடிலாக் சிமரான் என்று அழைக்கத் தயங்கி, 'காடிலாக் வழங்கும் சிமரான்' என்ற தொனியில்தான் விளம்பரம் செய்தார்கள். பெற்றவர்களே பிள்ளையைத் தள்ளி நின்று அறிமுகப்படுத்தியதைப் போல.

டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பழைய கார்கள் ஊர்வலம் போகும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு முதியவர் நன்றாகப் பேணிய சிமரான் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். என் தொழில் தெரிந்ததும் கதவைத் திறந்துவிட்டு, "உட்கார்ந்து பாருங்கள்" என்றார். இருக்கையின் தோல் உண்மையான தோல், தையலும் உண்மையானது. அந்தக் காலத்துக் கணக்கில் அதற்குச் செலவழித்திருக்கிறார்கள். ஆனால் கை இயல்பாகப் போய்த் தொடுகிற இடங்கள் வேறு. கதவை இழுக்கும் பிடி, ஜன்னலைச் சுற்றிய மெல்லிய சட்டம், காற்றுத் துவாரத்தின் சிறு நெம்பு ஆகிய எல்லாம் கவலியரில் பார்த்தவைதான். கதவை மூடினேன். கனத்த மரப் பெட்டி மூடுவதுபோல் கேட்க வேண்டிய இடத்தில், தகர டப்பாவின் ஓசை கேட்டது. வாங்குபவர் செலவுக் கணக்கைப் படிப்பதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது முறை அந்தக் கதவை மூடுகிறார்.

சிமரான் தோற்றதற்குச் சிறியதாக இருந்ததுதான் காரணம் என்று சொல்வோருக்கு ஒரு காரைக் காட்டினால் போதும். அடுத்த ஆண்டே, 1982 இறுதியில், மெர்சிடிஸ் 190 வந்தது. சிமரான் 4.4 மீட்டர் அளவு. மெர்சிடிஸ் 190உம் 4.42 மீட்டர்தான். அமெரிக்காவில் அதன் விலை 23,000 டாலருக்கு அருகில், சிமரானைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதையும் 'குட்டி பென்ஸ்' என்று கேலியாகத்தான் வரவேற்றார்கள். ஆனால் அதன் பின்சக்கரங்களுக்கென்று ஐந்து இணைப்புகள் கொண்ட புதிய தொங்கல் அமைப்பையே (சஸ்பென்ஷன்) உருவாக்கியிருந்தார்கள். பெரிய பென்ஸ்களும் பிற்பாடு அதையே எடுத்துக்கொண்டன. சிறிய காரில் முதலில் செய்து பெரிய காருக்குக் கொண்டுபோனார்கள் என்பது, மலிவான காரில் இருந்ததைத் துடைத்து மேலே ஏற்றியதற்கு நேர் எதிர். கேலி இரண்டே ஆண்டில் அடங்கிற்று.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துவிட வேண்டும். சிமரான் நன்றாகச் செய்யப்படாத கார் என்பதும், 1988 வரை ஓடி ஏறத்தாழ 1,32,000 வண்டிகளோடு நின்றுபோனது என்பதும் உறுதி. சிமரான்தான் காடிலாக்கின் பெயரைக் கெடுத்தது என்பது அத்தனை உறுதியல்ல. அதே ஆண்டுகளில் சிலிண்டர்களைத் தானே அணைத்துக்கொள்ளும் வி8-6-4 எஞ்சின் பெரிய காடிலாக் வாடிக்கையாளர்களைப் பாடாய்ப் படுத்திற்று. டீசல் வி8உம், அதற்குப் பின் வந்த 4.1 லிட்டர் அலுமினிய எஞ்சினும் பழுதுக்குப் பேர் போனவை. பெயர் கெட்டதில் இவற்றின் பங்கு சிமரானுடையதைவிடக் கூடுதல் என்பது என் கருத்து. சிறிய கார்மேல் பழி போடுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

ஃபோர்டு நிறுவனத்தின் சொகுசுப் பிரிவான லிங்கனும் இதே குழியில் விழுந்தது, காடிலாக்குக்கு நான்கு ஆண்டு முன்பே. செவிலுக்குப் பதிலடியாக 1977இல் வந்த வெர்சாய், ஃபோர்டு கிரனாடாவின் கதவுகளையும் கூரையையும் அப்படியே வைத்துக்கொண்டு, டிக்கி மூடியில் மட்டும் உதிரிச் சக்கரம் ஒளிந்திருப்பதுபோல ஒரு புடைப்பைச் சேர்த்த வண்டி. விலை 11,500 டாலர், கிரனாடாவின் இரு மடங்குக்கும் மேல். 1980இல் நிறுத்தப்பட்டது. இன்று அதைத் தேடி வாங்குபவர்கள் பழைய மஸ்டாங் பிரியர்கள்தான். காருக்காக அல்ல, அதன் பின் அச்சு வட்டத்தட்டு பிரேக்கோடு வந்ததால், அதைக் கழற்றித் தங்கள் வண்டியில் மாட்டிக்கொள்வதற்காக.

தளத்தை, அதாவது காரின் அடி எலும்புக்கூட்டை, பகிர்ந்துகொள்வதே பாவம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. லெக்ஸஸ் ஈஎஸ் பல தலைமுறைகள் டொயோட்டா கேம்ரியின் அடித்தளத்தில் நின்றே நன்றாக விற்றது. நீங்கள் உதாரணம் காட்டிய ஆடி ஏ3யே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் உறவினர்தான். செவிலும் நோவாவிலிருந்து வந்ததுதானே. கண்ணுக்கும் கைக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் பகிர்ந்தால் யாரும் கேட்பதில்லை. தரைத்தகடு, எஞ்சினுக்கும் ஆட்கள் அமரும் அறைக்கும் நடுவே உள்ள தீச்சுவர், கம்பிக்கட்டு, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைப் பகிரலாம். ஜன்னல் வடிவம், கதவின் ஓசை, முழங்கை படும் இடம், பொத்தானை அழுத்தும்போது விரலில் உணர்வது ஆகியவற்றைப் பகிரக் கூடாது. அமெரிக்க நிறுவனங்கள் நீண்ட காலம் இதைத் தலைகீழாகச் செய்தன. அவசரத்தில் இருக்கும்போது மாற்றுவதற்கு எளிதானவை முகப்பு வலையும் சின்னமும் தோலும்தான் என்பதே அதற்குக் காரணம்.

இடையில் ஜெர்மனியில் ஓப்பல் செய்த ஒமேகாவை 1997இல் கேட்டேரா என்று பெயர் மாற்றி அமெரிக்காவில் விற்றார்கள். சுவீடனில் சாப் 9-3 அடிப்படையில் 2006 முதல் பிஎல்எஸ் என்று ஒன்றைச் செய்து ஐரோப்பாவில் விற்றார்கள். பிஎல்எஸ் மொத்தமே சில ஆயிரங்கள்தான். இவற்றில் கற்க அதிகம் இல்லை; இரவல் சட்டை இரவல் சட்டைதான்.

கற்க நிறைய இருப்பது 2012இல் வந்த ஏடிஎஸ் காரில். கேள்வி கேட்டவருக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏனென்றால் இங்கே எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள். பிஎம்டபிள்யூ 3 வரிசையைக் குறிவைத்து, எந்தச் செவர்லேயிடமும் கடன் வாங்காமல், பின்சக்கர இயக்கத்துக்கென்றே ஆல்ஃபா என்ற புதிய தளத்தை உருவாக்கினார்கள். எடைக் குறைப்பில் அவர்கள் காட்டிய கெடுபிடி உதிரிபாகத் துறையில் எங்களுக்கெல்லாம் பேச்சாக இருந்தது: முன்மூடி அலுமினியம், எஞ்சினைத் தாங்கும் கொம்புகள் மெக்னீசியம். அடிப்படை வண்டி 1,500 கிலோவைச் சுற்றி நின்றது. அதன் போட்டியாளர்களில் இலகுவானவற்றுள் ஒன்று. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டியின் மூக்கு உடனே திரும்பும். ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்களில் சிலர் பிஎம்டபிள்யூவைவிட நன்றாக இருக்கிறது என்றுகூட எழுதினார்கள். 2013ஆம் ஆண்டின் வட அமெரிக்கச் சிறந்த கார் விருதும் அதற்கே கிடைத்தது.

விற்றதா என்றால், 2013இல் அமெரிக்காவில் 38,000 சொச்சம். அதே ஆண்டில் பிஎம்டபிள்யூ 3, 4 வரிசைகள் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டின. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் சரிவுதான்; 2017இல் 13,000 அளவுக்கு வந்துவிட்டது; செடான் 2018இல் நின்றது. அதே தளத்தைத் திருத்தி, 2019இல் சிடி4 என்று அறிமுகம் செய்தது இந்தக் கதையின் தொடர்ச்சியே.

ஏன் சரிந்தது? சொல்லப்படும் காரணங்களில் மூன்று எனக்கு உறுதியாகத் தெரிபவை. முதலாவது, பின் இருக்கை. கால் வைக்க 85 சென்டிமீட்டர். போட்டியாளர்களைவிட ஒன்றிரண்டு அங்குலம் குறைவு. ஒரு அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் முன்னால் உயரமானவர் அமர்ந்தபின் பின்னால் அமர்பவரின் முழங்கால் முன் இருக்கையைத் தொடுமா, தொடாதா என்பதை அந்த அங்குலம்தான் தீர்மானிக்கிறது. காடிலாக் என்ற பெயரைக் கேட்டு வருபவர் பின்கதவைத் திறந்து பார்க்காமல் போகமாட்டார். பிஎம்டபிள்யூ வாங்க வருபவருக்கு அந்தப் பழக்கம் குறைவு என்பது என் கணிப்பு. இரண்டாவது, நடுவில் இருந்த தொடுதிரை. ஒலி அளவைக் கூட்டக்கூடத் திருகு இல்லாமல், வழவழப்பான பலகையில் விரலைத் தேய்க்க வேண்டியிருந்தது, பலருக்கு எரிச்சல். மூன்றாவது, காலம். ஏடிஎஸ் வந்த அதே ஆண்டுகளில்தான் அமெரிக்கர்கள் செடானை விட்டுவிட்டு உயரமான கிராஸ்ஓவர் வண்டிகளுக்குப் போனார்கள். நல்ல பண்டத்தைச் சந்தை கலையும் வேளையில் கொண்டுபோய் விரித்தார்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு; பணக் கணக்கு என்பதால் பேச்சில் அதிகம் அடிபடாது. இந்த வகைக் கார்களை அமெரிக்காவில் பலர் சொந்தமாக வாங்குவதில்லை. மூன்று ஆண்டு லீஸில் எடுக்கிறார்கள். மாதத் தவணையைத் தீர்மானிப்பதில் வண்டியில் ஒட்டியிருக்கும் விலையைவிட, மூன்று ஆண்டு கழித்து வண்டிக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்பதே பெரிது. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 40,000 டாலர் ஜெர்மன் காருக்கு முடிவில் 60 சதவீதம் மிஞ்சும் என்றால், தேய்மானம் 16,000. அதை 36ஆல் வகுத்தால் மாதம் 444. காடிலாக்கை 37,000 டாலருக்கே கொடுத்தாலும் 50 சதவீதம்தான் மிஞ்சும் என்று வங்கி கணித்தால், தேய்மானம் 18,500, மாதம் 514. மூவாயிரம் டாலர் குறைத்து விற்றும், வாடிக்கையாளர் கையில் மாதம் எழுபது டாலர் கூடுதலாகப் பிடுங்கப்படுகிறது. இந்த இடைவெளியை நிறுவனமே தன் பையிலிருந்து போட்டு நிரப்பினால் லாபம் கரையும். இப்படி மிஞ்சும் மதிப்பு ஓரிரு நல்ல கார்களால் ஏறாது. பத்துப் பதினைந்து ஆண்டு, தலைமுறை மாற்றி மாற்றி, அதே பெயரில், தள்ளுபடி கொடுக்காமல் விற்றால்தான் ஏறும். பிஎம்டபிள்யூ 3 வரிசை 1975 முதல் அதே பெயரில் இருக்கிறது. காடிலாக் அதற்குள் சிமரான், கேட்டேரா, ஏடிஎஸ், சிடி4 என்று பெயரை மாற்றிக்கொண்டே வந்தது. என்னைக் கேட்டால், சிறிய காரில் அவர்கள் செய்த ஆகப் பெரிய பிழை இதுதான்; எந்த எஞ்சினும் அல்ல.

விலை குறைந்த மாடல் பெயரைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமாக, பழைய அமெரிக்கச் சொகுசுக் கார் நிறுவனமான பேக்கர்டை எல்லாரும் சுட்டுவார்கள். பெருமந்தத்தின் நடுவே, 1935இல், ஏறத்தாழ ஆயிரம் டாலருக்கு 'ஒன் ட்வென்டி' என்ற காரை விற்று அது பிழைத்தது. பிறகு அந்த மலிவு முத்திரையாலேயே காடிலாக்கிடம் இடத்தை இழந்து, 1958இல் மறைந்தது என்பது கதை. முற்பாதி உறுதியானது. பிற்பாதி இன்றும் வாதத்துக்குரியது. அந்தக் கார் இல்லாவிட்டால் பேக்கர்ட் 1930களையே தாண்டியிருக்காது என்பவர்கள் பக்கம்தான் நான். போருக்குப் பிறகு பெரிய கார்களைப் புதுப்பிக்கப் போதிய முதல் இல்லாமல் போனதே அதை வீழ்த்திற்று என்று தோன்றுகிறது. ஆகவே 'சிறியது செய்தால் பெயர் போய்விடும்' என்று பேக்கர்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சட்டம் கட்டாயப்படுத்தாதா என்றும் கேட்கலாம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜ், 1978இல் காலனுக்கு 18 மைல் என்று தொடங்கி 1985இல் 27.5க்கு ஏற வேண்டியிருந்தது. பெரிய காடிலாக்கை விற்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு சிறியதையும் விற்றுச் சராசரியைச் சமன்செய்ய வேண்டும் என்ற நெருக்கடி அன்று உண்மையாகவே இருந்தது. 2011 மாடல்கள் முதல், நான்கு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பை அளந்து அதற்கேற்ப ஒவ்வொரு வண்டிக்கும் இலக்கு வைக்கிறார்கள். பெரிய வண்டிக்கு எளிய இலக்கு, சிறிய வண்டிக்குக் கடினமான இலக்கு. ஆகவே சராசரிக்காகச் சிறியதைச் செய்யும் அவசியம் பெரும்பாலும் போய்விட்டது. 2025இல் அபராதத் தொகையையும் பூஜ்யமாக்கிவிட்டார்கள். இன்று சிறிய காடிலாக் வந்தால் அது சட்டத்துக்குப் பயந்து வந்ததாக இருக்காது.

இனி இன்றைய நிலை. காடிலாக் 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் நான்கு மீட்டருக்கும் குறைவான, நால்வர் அமரும் நகரக் கார் ஒன்றை மாதிரியாகக் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு லிங்கன், ஃபோர்டு ஃபோகஸ் அளவில் 'சி' என்ற மாதிரியைக் காட்டியிருந்தது. இரண்டும் மேடையோடு நின்றன. 2018இல் வந்த சிறிய கிராஸ்ஓவர் எக்ஸ்டி4, அமெரிக்காவில் 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அந்த இடத்தை இப்போது மின்சாரக் கிராஸ்ஓவரான ஆப்டிக் நிரப்புகிறது. அதைச் 'சிறியது' என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள், நீளம் 4.82 மீட்டர், எடை 2,300 கிலோவுக்கு மேல், பாட்டரி 85 கிலோவாட் மணி. ஏடிஎஸ் காரைவிட ஒரு சாண் நீளம், அதன் எடையில் ஒன்றரை மடங்கு. செவர்லே ஈக்வினாக்ஸ் மின்சாரக் காரோடு இதற்குத் தள உறவு உண்டு. 2025 மாடலில் 35,000 டாலர் அளவில் தொடங்கிய அதற்கும் 54,000 டாலர் அளவில் தொடங்கிய இதற்கும் இடையிலான தூரத்தைப் பார்த்தால் சிமரான் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இந்த முறை பகிர்ந்தது தரைக்குக் கீழே. மேல் தகடுகள், உள்பக்கம், கதவுப் பலகை எல்லாம் வேறு. பலகையில் துணியைப் பஞ்சின் மேல் இழுத்துப் போர்த்தியிருக்கிறார்கள்; பிளாஸ்டிக்கில் தையல் போல அச்சடித்த பொய்த் தையல் அல்ல. அந்த வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்பதால், பணம் சரியான இடத்தில்தான் போயிருக்கிறது என்று சொல்வேன்.

நீங்கள் உதாரணம் காட்டும் ஜெர்மானியர்களும் அந்தக் கீழ்ப்படியில் நிம்மதியாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2013இல் 29,900 டாலருக்கு சிஎல்ஏ காரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து கூட்டத்தைச் சேர்த்த மெர்சிடிஸ், 2022இல் தன் தொடக்கநிலை வடிவங்களை ஏழிலிருந்து நான்காகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏ கிளாஸ் செடானை அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தும்விட்டது. மேலே கதவுப் பலகையை வைத்துச் சொன்ன அதே கணக்குதான் அங்கேயும் உதைத்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஆகவே காடிலாக் சிறிய கார் செய்ய வேண்டுமா என்றால், பெட்ரோலில் ஓடும் சிறிய செடான் வேண்டாம் என்பதே என் தெளிவான பதில். ஏடிஎஸ் அளவுக்கு நன்றாகச் செய்தும் விற்காததை, அதைவிடக் கலைந்துபோன சந்தையில் மறுபடி விரிப்பதில் பொருளில்லை. நான்கரை மீட்டருக்குள் ஒரு மின்சாரக் கார் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் விலை ஆப்டிக்குக்குக் கீழே இருக்கக் கூடாது, அதற்கு இணையாகவோ மேலேயோ இருக்க வேண்டும். 1975இல் செவில் செய்த அதே தலைகீழ் கணக்கு. மின்சாரக் காரில் எஞ்சின் கூடு இல்லாததால் சக்கரங்களை மூலைக்குத் தள்ளி, வெளி நீளத்தைக் கூட்டாமல் பின் இருக்கையில் கால் நீட்ட இடம் கொடுக்க முடியும். ஏடிஎஸ் காரை வீழ்த்திய அந்த ஓர் அங்குலம் இங்கே எளிதாகக் கிடைக்கும். அதற்கொரு பெயர் வைத்துவிட்டு, இரண்டு தலைமுறைக்கு அந்தப் பெயரைத் தொடவே கூடாது. இப்படிச் செய்யும் பொறுமை எந்த நிர்வாகத்துக்கு இருக்கும் என்பது பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல.

கேள்வி கேட்டவரின் சொந்தத் தேவைக்கு வருகிறேன். நீங்கள் இருவர் மட்டுமே என்றால், ஏடிஎஸ் காரைக் கவிழ்த்த குறை உங்களுக்குக் குறையே அல்ல. 2.0 லிட்டர் டர்போ எஞ்சின் வைத்த பழைய ஏடிஎஸ் ஒன்றைத் தேடிப் பாருங்கள். நடுத் தொடுதிரையின் மேற்பரப்பில் சிலந்தி வலை போல வெடிப்போ குமிழோ இருக்கிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காரில் அது அடிக்கடி வரும் பழுது, இருந்தால் விலையில் குறைத்துக் கேளுங்கள். பிறகு பகலில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வராமல், விற்பவர் சம்மதித்தால் மாலை ஏழு மணிக்கு உங்கள் தெருவுக்கே கொண்டுவந்து, கிடைக்கிற இடைவெளியில் நிறுத்திப் பாருங்கள்.